தெள்ளுக்கு எந்தச் சொட்டு மருந்து? பூனை இரண்டு, நாய் ஒன்று

சன்னலோரம் எழுதியது:

முதலில் ஒரு வாக்குமூலம். வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்குத் தெள்ளு வராது என்று நான்கு ஆண்டுகளாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். என் முத்து வாசல்படி தாண்டியதே இல்லை. சன்னல் திட்டுதான் அவளுடைய எல்லை.

மூன்று வாரமாக வால் தொடங்கும் இடத்தை நக்கிக்கொண்டே இருந்தாள். முடி உதிரும் காலம் என்று விட்டுவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை மடியில் படுத்திருந்தவளின் முடியை அந்த இடத்தில் விரலால் பிரித்துப் பார்த்தேன். மொட்டைக் கத்தியால் அறுத்த புல் போலக் கட்டையும் குட்டையுமாக முடி. அடியில் தோல் முழுக்கப் பொடித்த மிளகு போலக் கறுப்புத் துகள்கள். மண் என்றுதான் நினைத்தேன். வெளியே போகாத பூனைக்கு மண் எங்கிருந்து வரும்? நான்கைந்து துகள்களை எடுத்து ஈரமான வெள்ளைக் காகிதத்தில் வைத்தேன். ஒரு நிமிடத்தில் ஒவ்வொன்றைச் சுற்றியும் செம்பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் பரவியது. தெள்ளு குடித்துக் கழித்த ரத்தம். என் முத்துவின் ரத்தம்.

முத்துவுக்கு 4 வயது, எடை 4.2 கிலோ. பீமன் என்று ஒரு நாயும் உண்டு, 18 கிலோ. தினமும் இரண்டு வேளை வெளியே போய் வருவான். இருவரும் ஒரே மெத்தையில் முதுகோடு முதுகு ஒட்டித்தான் தூங்குவார்கள். போதாததற்கு, நான்கு நாள் முன்பு மாடிப்படிக்கு அடியில் கத்திக்கொண்டிருந்த ஒரு குட்டியையும் எடுத்து வந்திருக்கிறேன். பெயர் கடுகு. மருத்துவர் பல்லைப் பார்த்துவிட்டு ஏழு வாரம் இருக்கும் என்றார், 650 கிராம். அன்று தெள்ளு பற்றிப் பேச்சே வரவில்லை. தடுப்பூசிக்கு இன்னும் பத்து நாள் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்.

மருந்து வாங்கப் போனால் விற்பவர் சொட்டு மருந்து, கழுத்துப்பட்டை, ஷாம்பு, மாத்திரை என நான்கு பெட்டிகளை வரிசையாக வைத்து "எது வேண்டும்?" என்று என்னையே கேட்டார். தெரிந்தால் நான் ஏன் கேட்கப்போகிறேன்? ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.

பீமனுக்கு வாங்கிய சொட்டு மருந்துக் குழாய் ஒன்று மேசை இழுப்பறையில் இருக்கிறது. 20 கிலோ வரை உள்ள நாய்க்கு ஒரு குழாய் என்று போட்டிருக்கிறது. முத்துவின் எடை ஏறக்குறைய அதில் ஐந்தில் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் நான்கு சொட்டு மட்டும் போடலாமா? இன்று இரவே போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். என் கணுக்காலிலும் வரிசையாகச் சிவந்த தடிப்புகள். பொறுமை போய்விட்டது.

மீசைக்காரி எழுதியது (20 நிமிடம் கழித்து):

போடாதீர்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம், முதலில் அந்த இழுப்பறையை மூடுங்கள்.

பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். அதில் பெர்மெத்ரின் என்று இருந்தால் அது பூனைக்கு நஞ்சு. நாயின் கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலில் அந்த வேலைக்கு வேண்டிய நொதி போதிய அளவு கிடையாது. அதனால் எடைக்குத் தக்கபடி குறைத்துப் போடுவது என்ற கணக்கே இங்கே செல்லாது. நாய்க்கான குழாய்கள் சிலவற்றில் பாதியளவுக்குப் பெர்மெத்ரின்தான் இருக்கும். பூனைக்கு அதில் சில சொட்டுகளே அதிகம்.

எப்படித் தெரியும் என்றால், உங்கள் கணக்கை எட்டு ஆண்டுக்கு முன்பு நானும் போட்டேன். கால்வாசிக் குழாய். இரவு ஒன்பது மணிக்குப் போட்டுவிட்டுப் படுத்தேன். நள்ளிரவு தாண்டி அடுக்களையில் ஏதோ கடகடவென்று ஆடும் சத்தம். விளக்கைப் போட்டால், என் பூனை தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் தாடையை வைத்தபடி நிற்கிறான். உடம்பின் நடுக்கம் கிண்ணத்துக்கு இறங்கி அதுவும் தரையில் ஆடிக்கொண்டிருக்கிறது. காது இரண்டும் தனித்தனியாகத் துடிக்கின்றன. ஈரத்தை உதறுவது போல முன்காலை உதறுகிறான், ஆனால் கால் காய்ந்துதான் இருக்கிறது. மருத்துவரைத் தொலைபேசியில் எழுப்பினேன். பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு மருந்து போட்ட இடத்தைக் கழுவி, துண்டில் சுற்றி உடனே கொண்டு வாருங்கள் என்றார். வழியிலேயே வலிப்பு வந்துவிட்டது. மூன்று நாள் ஊசியும் சலைனுமாகக் கிடந்து பிழைத்தான்.

"இது பூவிலிருந்து எடுத்தது, ஒன்றும் செய்யாது" என்று சொல்லித்தான் எனக்கு விற்றார்கள். சாமந்தி வகைப் பூ ஒன்றில் இருக்கும் பைரெத்ரினைப் பார்த்துச் செயற்கையாகச் செய்ததுதான் பெர்மெத்ரின். பூ வேறு, இது வேறு.

இன்னொன்று: பீமனுக்குக் கடைசியாக அதை எப்போது போட்டீர்கள்? மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுத்தாலோ அதன் முதுகை நக்கினாலோகூடப் பூனைக்கு ஆபத்து.

சன்னலோரம் எழுதியது:

கை கால் ஓடவில்லை. பார்த்துவிட்டேன், பெர்மெத்ரின்தான். நல்லவேளை, பீமனுக்குப் போட்டு ஐந்து மாதம் ஆகிறது. குழாயை உறையில் போட்டுக் கட்டி வைத்துவிட்டேன். மீசைக்காரி அக்கா, இந்த நான்கு சொட்டுக்கு உங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

சரி, இது வேண்டாம். அப்படியென்றால் எது?

பச்சிலை எழுதியது:

எதற்கு இந்த ரசாயனமெல்லாம்? பூண்டை அரைத்துத் தண்ணீரில் கலந்து தடவுங்கள், தேயிலை மர எண்ணெய் நான்கு சொட்டு கழுத்தில் விடுங்கள். இயற்கையானது. பக்கவிளைவே கிடையாது.

மீசைக்காரி எழுதியது:

பச்சிலை, பூனை தன் உடம்பில் தடவியதையெல்லாம் நக்கித் தின்னும் பிராணி. வெங்காயம், பூண்டு வகையறா பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துச் சோகையில் தள்ளும். தேயிலை மர எண்ணெய் தோல் வழியாகவே உள்ளே போய்த் தள்ளாட்டமும் நடுக்கமும் கொண்டுவரும். இயற்கை என்பதற்காக அரளி விதையைத் தின்போமா?

பழைய சீப்பு எழுதியது:

கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக 11 ஆண்டு இருந்தேன். மருத்துவர் அல்ல, ஆனால் பூனையைப் பிடித்துக்கொண்டு நின்றதில், எந்தப் பெட்டி எந்த வீட்டுக்குச் சரிப்படும் என்று ஓரளவு தெரியும்.

"எது நல்ல மருந்து?" என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. வயது என்ன, எடை என்ன, கூட யார் இருக்கிறார்கள், எவ்வளவு நக்கும், முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனால் நான்கு பெட்டிகளில் இரண்டு தானாகவே கழன்றுவிடும்.

முதலில் கடுகு. அவசரம் அவனுக்குத்தான். முத்து மூன்று வாரமாக நக்குகிறாள், கடுகு வந்து நான்கு நாள்தான் ஆகிறது. அதனால் பழியை அவன்மேல் போட வேண்டாம், பீமன்தான் கொண்டுவந்திருப்பான். (நம் காலிலும் துணியிலும்கூட வரும், உள்வீட்டுப் பூனை என்பதெல்லாம் தெள்ளுக்குக் கணக்கில்லை.) 650 கிராம் குட்டியின் உடம்பில் இருக்கும் ரத்தமே கொஞ்சம். நிறையத் தெள்ளு ஏறினால் சோகை வந்து செத்தே போகும். இப்போதே உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் சரி. வெளுத்திருந்தாலோ குட்டி துவண்டு படுத்தாலோ பத்து நாள் காத்திருக்காமல் இன்றே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பெரும்பாலான சொட்டு மருந்துகள் எட்டு வாரம் நிறைந்த குட்டிக்குத்தான். நைட்டன்பைரம் மாத்திரையை நான்கு வாரக் குட்டிக்கே கொடுக்கலாம், அரை மணி நேரத்தில் தெள்ளு விழத் தொடங்கும்; ஆனால் எடை 900 கிராமாவது இருக்க வேண்டும், கடுகு அதற்கும் சிறியவன். ஆகவே தடுப்பூசி நாள் வரைக்கும் அவனுக்கு மருந்து தெள்ளுச் சீப்புதான். பல் நெருக்கமான உலோகச் சீப்பு வாங்குங்கள். ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் பாத்திர சோப்பைக் கரைத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தாடைக்குக் கீழே, கழுத்து, வால் தொடங்கும் இடம், தொடையின் உட்பக்கம், இங்கெல்லாம்தான் ஒளியும். ஒவ்வோர் இழுப்புக்கும் சீப்பைக் கிண்ணத்தில் முக்குங்கள். வெறும் தண்ணீர் என்றால் தெள்ளு மேலே மிதந்து தாவிவிடும். சோப்பு இருந்தால் மூழ்கும். விரலால் நசுக்குவது வீண் வேலை. பக்கவாட்டில் தட்டையான பூச்சி அது, விரலுக்கு அடியில் சும்மா கிடந்துவிட்டு விட்டதும் குதிக்கும். ஒரு நாளைக்கு இரண்டு வேளை சீவினால் போதும். நனைத்துக் குளிப்பாட்டினால் உடனே துடைத்துச் சூடாக வையுங்கள், இந்த வயதில் குட்டி சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

முத்துவுக்கு வருகிறேன். ஃபிப்ரோனில், இமிடாகுளோப்ரிட், செலாமெக்டின் மூன்றும் பூனைக்குச் சொட்டு மருந்தாகக் கிடைப்பவை, மூன்றும் மாதம் ஒருமுறை. ஃபிப்ரோனில் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளில் தங்கி வேலை செய்யும். இமிடாகுளோப்ரிட் தொட்ட மாத்திரத்தில் தெள்ளைக் கொல்லும், அது கடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. செலாமெக்டின் தோல் வழியாக ரத்தத்தில் கலப்பது. தெள்ளோடு காதுச் சிற்றுண்ணி, உருண்டைப்புழு, கொக்கிப்புழு என்று சிலவற்றையும் பார்த்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் தெருவிலிருந்து வந்த குட்டி இருப்பதால் நான் செலாமெக்டின் பக்கம் சாய்வேன். எட்டு வாரம் ஆனதும் கடுகுக்கும் அதையே கேட்கலாம். முடிவு மருத்துவருடையது.

பன்னிரண்டு வாரம் தாங்கும் ஃப்ளூராலனர் சொட்டும் உண்டு. மாதாமாதம் மறந்துவிடுகிறவர்களுக்கு வசதி. ஆனால் அந்த வகை மருந்துகளால் சில பிராணிகளுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எச்சரித்தது. பெரும்பாலானவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. முன்பே வலிப்பு வந்த பூனை என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் வாங்கக் கூடாது.

ஷாம்பு அந்த நேரத்துக்கு மேலே இருப்பதைக் கொல்லும், நாளைக்கு ஏறுவதைத் தடுக்காது. கழுத்துப்பட்டையில் நல்லதும் உண்டு, குப்பையும் உண்டு. இமிடாகுளோப்ரிட்டும் ஃப்ளூமெத்ரினும் சேர்ந்த பட்டை எட்டு மாதம் வரை தாங்கும். ஃப்ளூமெத்ரினும் பெர்மெத்ரின் குடும்பம்தான், ஆனாலும் அந்தப் பட்டை பூனைக்கென்றே சோதித்து அனுமதித்தது, 10 வாரத்துக்கு மேற்பட்ட குட்டிக்கு. என்ன கலந்தது என்றே எழுதாத, வாசனை மட்டும் வீசும் பட்டைகளை வாங்காதீர்கள். எந்தப் பட்டையானாலும் எங்காவது மாட்டினால் தானாகக் கழன்றுகொள்ள வேண்டும்.

பீமனுக்கு மருத்துவரிடம் மாத்திரையாகக் கேளுங்கள். முடியில் மருந்து ஒட்டாது, முத்துவும் பழையபடி முதுகோடு ஒட்டித் தூங்கலாம். அவனை விட்டுவிட்டுப் பூனைக்கு மட்டும் போட்டால் ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடித்த கதைதான்.

சன்னலோரம் எழுதியது (மூன்று நாள் கழித்து):

கடுகின் ஈறு இளஞ்சிவப்பு. முதல் நாள் சீப்பில் 31. எண்ணினேன், ஏன் என்று கேட்காதீர்கள்.

முத்துவுக்கும் பீமனுக்கும் நேற்றே மருத்துவரிடம் போய் வந்துவிட்டேன். பீமனுக்கு மாத்திரை. முத்துவுக்குச் செலாமெக்டின், நானே வீட்டில் போட்டேன், சொதப்பினேன். அவள் திமிறியதில் பாதி மருந்து முடிமேலேயே வழிந்துவிட்டது. தோளுக்குப் பக்கத்தில் விழுந்ததை எட்டி நக்கிவிட்டாள். பத்து நிமிடம் வாயில் நுரை நுரையாக எச்சில் ஒழுகியது. எனக்கு மீசைக்காரி அக்காவின் கிண்ணம்தான் நினைவுக்கு வந்தது.

பழைய சீப்பு எழுதியது:

கசப்புக்கு வந்த எச்சில் அது, தானே நின்றிருக்கும். நடுக்கமோ தள்ளாட்டமோ வந்தால்தான் ஓட வேண்டும். போதிய அளவு தோலில் சேர்ந்ததா என்று மருத்துவரைக் கேளுங்கள்; நீங்களாக இரண்டாவது குழாயைப் போட்டுவிட வேண்டாம்.

அடுத்த மாதம் இப்படிச் செய்யுங்கள். தூங்கி எழுந்த நேரமாகப் பாருங்கள். குழாயை முன்பே திறந்து கையில் மறைத்து வைத்துக்கொண்டு, அவள் பின்பக்கம் உங்களைப் பார்க்கும்படி மடியில் உட்கார வையுங்கள். தலையும் கழுத்தும் சேரும் இடத்தில், தோளில் அல்ல, இன்னும் மேலே, முடியை இரண்டு பக்கமும் விலக்கினால் வெள்ளையாகத் தோல் ஒரு கோடு தெரியும். குழாயின் நுனி அந்தக் கோட்டைத் தொட வேண்டும். ஒரே அழுத்து. அங்கே எந்தப் பூனையின் நாக்கும் எட்டாது. காயும் வரை இரண்டு பூனைகளும் ஒன்றையொன்று நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சன்னலோரம் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

கடுகுக்கும் மருந்து போட்டாயிற்று. ஆனால் நேற்று வீடு முழுக்க வாக்குவம் கிளீனர் போட்டு முடித்து ஒரு மணி நேரத்தில் என் காலில் ஏழு கடி! முத்துவின் மேலும் இரண்டு தெள்ளு ஓடுகிறது. மருந்து வேலை செய்யவில்லையா? வேறு மாற்றட்டுமா?

பழைய சீப்பு எழுதியது:

மாற்றாதீர்கள். இந்த மூன்றாவது வாரத்தில்தான் பாதிப் பேர் மருந்தைத் திட்டிவிட்டு வேறு பெட்டி வாங்குவார்கள்.

பூனைமேல் பார்க்கும் தெள்ளு மொத்தப் பட்டாளத்தில் ஏறக்குறைய 5 விழுக்காடுதான். ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டை வரை இடும். முட்டை முடியில் ஒட்டாது, உப்புத்தூள் போல உதிர்ந்து பூனை படுக்கும் இடமெல்லாம் விழும். புழு வெளிச்சத்துக்கு அஞ்சி விரிப்பின் அடியிலும் சோபா இடுக்கிலும் புகுந்து, நீங்கள் காகிதத்தில் பார்த்த அந்தக் கறுப்புத் துகளையே தின்று வளரும். பிறகு பசைபோன்ற இழையில் கூடு கட்டி மேலே தூசியைப் பூசிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குள் எந்த மருந்தும் எளிதில் போகாது. மாதக்கணக்கில் உள்ளேயே காத்திருக்கும். எதற்கு? ஓர் உயிர் பக்கத்தில் வந்ததற்கான அறிகுறிக்கு: அதிர்வு, உடல் சூடு, மூச்சுக்காற்று. நீங்கள் வாக்குவம் கிளீனரைப் போட்டு எல்லாரையும் எழுப்பியிருக்கிறீர்கள்!

கடி வாங்கியதற்கு வருத்தம்தான், ஆனால் எழுந்தது நல்லது. கூட்டிலிருந்து வெளியே வந்தால்தான் அது மருந்து போட்ட பூனைமேல் ஏறிச் சாகும். இன்னும் கொஞ்ச நாளைக்குத் தினமும் வாக்குவம் கிளீனர் போடுங்கள், சோபா மெத்தையைத் தூக்கி அடியிலும். பையைக் கட்டி உடனே வெளியே எறியுங்கள். மெத்தை உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி தண்ணீரில் துவையுங்கள். வீட்டுக்குத் தெளிக்கும் மருந்து வாங்குவதென்றால் அதிலும் பெர்மெத்ரின் இருக்கலாம், நன்றாகக் காய்ந்து காற்றோட்டம் வரும்வரை பூனைகளை உள்ளே விடக் கூடாது. மீன் தொட்டி இருந்தால் அதையும் வெளியே எடுங்கள். மூன்று மாதம் என்று மனதை ஆயத்தப்படுத்திக்கொள்ளுங்கள்.

சன்னலோரம் எழுதியது (பன்னிரண்டாம் வாரம்):

கடைசி இரண்டு வாரமாகச் சீப்பில் ஒன்றும் இல்லை. கிண்ணத்தை நிரப்பி, சீவி, சுத்தமான தண்ணீரையே கொட்டிக்கொண்டிருக்கிறேன். கணுக்காலிலும் ஒன்றும் இல்லை.

நடுவில் ஒரு கூத்து. கடுகு படுத்திருந்த துணியில் வெள்ளரி விதை போல ஒன்று கிடந்தது. தொட்டதும் மெல்லச் சுருங்கியது. கத்தியே விட்டேன். நாடாப்புழுவின் துண்டாம். தெள்ளை நக்கி விழுங்கும்போது அதன் வயிற்றில் இருந்து வருவது; செலாமெக்டின் இதைத் தொடாது என்று மருத்துவர் பிராசிகுவான்டல் மாத்திரை கொடுத்தார், மூவருக்கும்.

முத்துவுக்குத் தெள்ளின் எச்சில் ஒவ்வாமையாம். இரண்டு மூன்று கடியே போதுமாம் அந்த அளவுக்கு நக்குவதற்கு, அதனால் மருந்தை ஆண்டு முழுக்க விடக் கூடாது என்றார். வால் அடியில் முடி வந்துவிட்டது, பழையதைவிடக் கொஞ்சம் மென்மையாக, சாம்பல் நிறத்தில். பீமனோடு மறுபடி முதுகு ஒட்டித் தூங்குகிறாள். நடுவில் கடுகு. போன வாரம் 1.7 கிலோ. இரண்டரைக் கிலோவைத் தாண்டினால் அவனுக்கும் பெரிய குழாய், அதனால் அதற்குள் தராசில் அசையாமல் உட்காரப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்குத் தராசின் முள்ளைத்தான் வேட்டையாடுகிறான்.